ஒற்றை அம்புக்குறி

சங்கரன்கோவிலில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் வேலை பார்த்த பதினெட்டுப் பேரையும் ஒரே வரியில் இல்லாமல் ஆக்கியவள் நான். கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான். ஆனாலும் ஆக்கினேன்.

எண்பதுகளின் கடைசி. மில்லுக்கு யூனிக்ஸ் கம்ப்யூட்டர் வந்திருந்தது. மெட்ராஸில் பத்து நாள் பயிற்சி முடித்து பஸ்ஸைவிட்டு இறங்கியபோது, என்னை வரவேற்கத்தான் பந்தல் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. (கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் போட்டது.) யார் கம்ப்யூட்டருக்குள் நுழையலாம், யார் எந்த குரூப் என்று கட்டளை தட்டி முடிவு செய்யும் 'ரூட்' அதிகாரம் என் ஒருத்தியிடம். நடையே மாறியிருந்தது.

ஒருநாள் காலை பதினொன்றரைக்கு, ஸ்டோர்ஸில் புதிதாகச் சேர்ந்த முருகையா வந்து நின்றார்.

"மேடம், எம் பேர ஏத்தணுமாம்."

பெயர்ப்பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டும். பதமாகச் செய்ய வழி உண்டு. பார்ப்பவர் அசர வேண்டுமே என்று ஒரே கட்டளையில் தட்டினேன். இரண்டு அம்புக்குறி போட்டால் புது வரி கடைசியில் சேரும். ஒன்று போட்டால் பழையதெல்லாம் அழிந்து புது வரி மட்டும் நிற்கும். நான் ஒன்று போட்டேன்.

பக்கத்து அறையிலிருந்து மேனேஜர் அண்ணாச்சி வந்தார். "ஏம்மா செல்வி, என்னைய உள்ள விட மாட்டேங்குது. அப்படி ஒரு ஆளே இல்லங்குது."

"எனக்கு உள்ள போகுதே" என்றார் முருகையா, அடுத்த டெர்மினலில் தட்டிப் பார்த்து.

திரையில் பார்த்தேன், முருகையா பெயர் மட்டும் நின்றது. பட்டியலில் ரூட்டும் இல்லை. நான் முன்பே நுழைந்திருந்ததால் என் டெர்மினல் மட்டும் பிழைத்திருந்தது. பன்னிரண்டுக்கு வழக்கமாக கரண்ட் போகும். பேட்டரி பத்து நிமிஷம். மிஷின் அணைந்தால் பிறகு யாரும் உள்ளே போக முடியாது. மெட்ராஸிலிருந்து இன்ஜினியர்தான் வரவேண்டும்.

அழுவதற்கு நேரமில்லை. யோசித்தேன். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெயர்ப்பட்டியல் போனாலும் அவரவர் பெயரில் உள்ள கோப்புறைமேல் அந்த எண் ஒட்டிக்கொண்டிருக்கும். பயிற்சியில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. கோப்புறைகளைத் திரையில் வரவழைத்தேன். முதலில் ரூட்டை எழுதினேன். பிறகு முருகையா பெயரும் எண்ணுமாக வாசிக்க, நான் தட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு அம்புக்குறி. (மூன்று முறை எண்ணிப் பார்த்து.)

கரண்ட் போனது. பேட்டரி கத்த ஆரம்பித்தது.

"பதறாதீங்க மேடம், இன்னும் நாலு பேருதான்."

பதினெட்டாவது பெயரைச் சேர்த்து, மிஷினை முறைப்படி அணைத்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தேன்.

கரண்ட் வந்ததும் மேனேஜர் அண்ணாச்சி உள்ளே நுழைந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"சரி, திரும்ப எழுதும்போது என்னைய எத்தனாவதா எழுதுன?"

"ரூட்டுக்கு அடுத்து, அண்ணாச்சி."

"அப்பம் சரி" என்று போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து முருகையா வீட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். கல்யாணத்தில் மேனேஜர் அண்ணாச்சி மைக்கைப் பிடித்து இந்தக் கதையை முழுசாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் என் நாத்தனார் அறிமுகம் இப்படித்தான்: "இவங்க எங்க மதினி. எங்க அண்ணன் ஒருத்தன் போதும்னு ஒரு மில்லையே அழிச்சவங்க."

நான் சும்மா இருப்பதில்லை. "அர மணி நேரத்துல அத்தன பேரையும் திரும்பக் கொண்டாந்ததும் நாந்தான்ட்டி. அதையும் சேத்துச் சொல்லு."