சைகோன் மிஷினில் புகுந்த ஈரப்பேய்

1958ஆம் வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது புதுச்சேரியில் கூட்டம் கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று சாராயக் கடை. அங்கே வெயிலிலும் கூட்டம்தான், அது செய்தியல்ல. மற்றொன்று ராஜாங்கம் வீட்டுப் பின்கட்டு. அங்கே ஒரு மிஷினுக்குப் பேய் பிடித்திருந்தது.

பெண்ணுக்குப் பேய் பிடித்துக் கண்டிருக்கிறோம். புளியமரத்தில் பேய் குடியிருந்து கேள்விப்பட்டிருக்கிறோம். மிஷினுக்குப் பேய் பிடித்தது ஊரிலேயே அதுதான் முதல். எங்களுக்கெல்லாம் அதில் கொஞ்சம் பெருமைகூட. முதலியார்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் குடையும் கட்டுச்சோறுமாக வந்தது. கோர்ட்டு குமாஸ்தா காசிலிங்கம் அரை நாள் லீவு போட்டு வந்தார். லீவுக் கடிதத்தில் வயிற்றுவலி என்று எழுதினாராம். படித்தவர் அல்லவா, பேய் பார்க்கப் போகிறேன் என்று எழுதுவாரா?

நானும் போயிருந்தேன். பின்வரிசையில் நின்று கும்பிட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

முதலில் அந்த மிஷினைப் பற்றி. ராஜாங்கம் சைகோனில் பிரெஞ்சுக்காரன் சுங்க இலாகாவில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். அங்கே பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டியதும் தானும் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினார். அந்த மூட்டைகளோடு இடுப்பு உயரத்தில் ஒரு வெள்ளை இரும்புப் பெட்டியும் வந்து இறங்கியது. துணி காயவைக்கும் மிஷின். வட்டக் கதவைத் திறந்து ஈரத்துணியைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினால் உள்ளே ஓர் உருளை சுற்றும், சூடான காற்று வீசும், முக்கால் மணியில் துணி காய்ந்து வரும். ஈரக் காற்று வெளியேறுவதற்காக மிஷினின் முதுகிலிருந்து ஒரு தகரக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனது. வீட்டுக்காரர்கள் அதைப் பிரெஞ்சில் 'செஷுவார்' என்றார்கள். வேலைக்காரி அஞ்சலாட்சி 'உருட்டுப் பொட்டி' என்றாள்.

மூன்று வருஷம் ஒழுங்காக ஓடிய பெட்டி, அந்த மழைக்காலத்தில் சண்டித்தனம் செய்தது. துணி ஆவி பறக்க வெளியே வரும். ஆனால் ஈரமாகவே வரும். ஓடும்போது உள்ளேயிருந்து யாரோ உதைப்பதுபோல் தடதடவென்று சத்தம். கூடவே ஒரு கருகல் வாடை.

மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். ராஜாங்கத்தின் மனைவி செல்வாம்பாள் பாவாடைச் சாமியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

பாவாடைச் சாமி ரெட்டியார்பாளையத்துக்காரர். முன்னொரு காலத்தில் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். 'முன்னே போ, முன்னே போ' என்று கூட்டத்தை நகர்த்தும் கலையை அங்கே கற்றுக்கொண்டு ஆன்மிகத்தில் இறங்கினார். வந்தவர் மிஷினில் காதை வைத்தார். கண்ணை மூடினார். நாடி பார்க்க இடம் தேடிக் கடைசியில் ஸ்விட்சைத் தொட்டுப் பார்த்தார்.

"தண்ணியில செத்த உசுரு, தாயே," என்றார். "அதான் துணி காய மாட்டேங்குது. கதவ ஒதைக்குது, கேக்குதா? வாடை அடிக்குதே, அது சுடுகாட்டு வாடை."

தண்ணீரில் செத்த உயிருக்குச் சுடுகாட்டு வாடை எப்படி வந்தது என்று கேட்க அங்கே ஆள் இல்லை. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்வதில் மும்முரமாக இருந்தோம்.

"இந்த வீட்டுல யாராவது கடல்ல போனாங்களா?"

"எங்க குடும்பத்துல இல்லீங்க சாமி," என்றார் செல்வாம்பாள். "எங்க அஞ்சலாட்சி வூட்டுக்காரன்தான் எட்டு வருஷத்துக்கு முன்னாடி மீன் புடிக்கப் போயி திரும்பல."

"பேரு?"

"கன்னியப்பன்."

"கன்னியப்பன்தான்," என்றார் சாமி. "நான் வரும்போதே வாசப்படியில சொல்லிட்டான். நீங்க சொல்றீங்களான்னுதான் கேட்டேன்."

சொல்லிவிட்டு வட்டக் கதவைத் திறந்து உருளைக்குள் தலையை விட்டார். உள்ளேயிருந்து கனத்த குரல் ஒன்று கிளம்பியது. "அஞ்சலாட்சி... எனக்குக் குளிருது..." கூட்டம் நடுங்கிவிட்டது. அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசினால் என் குரல் எனக்கே மாமனார் குரலாகத்தான் கேட்கும். அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் திருவிழாதான். சாமி ஓர் உலர்ந்த துண்டை மிஷினில் போடுவார். கொஞ்ச நேரம் ஓட்டி எடுத்தால் துண்டு நசநசவென்று இருக்கும். "பாத்தீங்களா, அழுவுறான்," என்பார். ஏற்கெனவே ஈரத்துணி வெந்துகொண்டிருந்த பெட்டியில் எதைப் போட்டாலும் நனையத்தான் செய்யும். சோற்றுப் பானை மூடியைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கூட்டத்தில் பாதிப் பேர் அன்று காலையில் அதைத்தான் திருப்பிவிட்டு வந்திருந்தார்கள்.

சாமி ஒரு விரதமும் விதித்தார். ஒரு நேரத்துக்கு இரண்டு துணிக்கு மேல் போடக் கூடாது, பேய்க்கு மூச்சு முட்டும். அப்படிப் போட்டபோது துணி ஏறக்குறைய காய்ந்தது. ஆகா என்றது கூட்டம். பத்துத் துணியைத் திணித்துவந்த பெட்டியில் இரண்டைப் போட்டால் காயாமல் என்ன செய்யும்? ஆனால் புகழ் மந்திரத்துக்குப் போனது.

தட்சணையாகச் சாமி காசு கேட்கவில்லை. துணி கேட்டார். பேய் தொட்ட துணியில் அதன் ஆசை ஒட்டியிருக்குமாம், அதைக் கடலில் விட வேண்டுமாம். கரித்துணி மேலும் கிழிந்த பனியன் மேலும் அந்தப் பேய்க்கு ஆசை இல்லை. பட்டுப்புடவை மேல்தான் ஆசை. பட்டு அந்த மிஷினுக்குள் போனதே இல்லையே என்றால், பக்கத்து அலமாரியில் இருந்தது, காற்றுப் பட்டிருக்கும் என்றார். அக்கம்பக்கத்துப் பெண்களும் பயந்துபோய்த் தங்கள் பட்டுகளைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு மூட்டை போயிற்று.

மூன்றாவது வெள்ளிக்கிழமை சாமி தீர்ப்புச் சொன்னார். "அவன் பொண்டாட்டிய வுட்டுட்டுப் போக மாட்டான். இவ இந்த வூட்டுல இருக்கிற வரைக்கும் பேயும் இருக்கும். அமாவாசைக்குள்ள இவள அனுப்பிடுங்க. இல்லன்னா பேய் மிஷின வுட்டு எசமான் ஒடம்புக்கு மாறும்."

ராஜாங்கம் தன் உடம்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஸே ஃபினி," என்றார். முடிந்தது என்று அர்த்தம். "அஞ்சலாட்சி, செவ்வாய்க்கிழமையோட நீ வேற எடம் பாத்துக்க."

அஞ்சலாட்சி பாத்திரம் தேய்க்கப் போனாள். ராஜாங்கம் கப்பலேறி வருவதற்கு முன்பிருந்தே, எட்டு வருஷமாக அந்த வீட்டில் சமைத்து, துவைத்து, தோட்டத்துக் கோடியில் ஓர் ஓட்டு அறையில் இருந்துவந்தவள். பேய் பிடித்த பொம்பளை என்று பெயர் வாங்கிக்கொண்டு வெளியே போனால் புதுச்சேரியில் எந்த வீட்டுக் கதவும் திறக்காது.

ஆனால் அந்தக் கூட்டத்தில் இன்னும் ஒரு விஷயம் தெரிந்தவள் அவள்தான். கன்னியப்பன் சாகவில்லை. கடலும் அவனைக் கொண்டுபோகவில்லை. காரைக்காலில் ஒருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான். புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்றால் ஊர் அவளிடம்தான் குற்றம் தேடும். புருஷனைக் கடல் கொண்டுபோனவள் என்றால் இரக்கப்படும், வேலையும் கொடுக்கும். ஆகவே அவனைத் தன் வாயாலேயே கடலில் மூழ்கடித்து, பொட்டை அழித்துக்கொண்டு டவுனுக்கு வந்தாள். அவள் ஊரான வைத்திக்குப்பத்தில் நாலைந்து பேருக்கு உண்மை தெரியும். அவர்கள் பேசவில்லை.

அந்தப் பொய்யை இப்போது எடுத்தால் எட்டு வருஷத்து மானம் போகும். எடுக்காவிட்டால் வேலை போகும். சனியும் ஞாயிறும் பாத்திரம் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். மானத்தையும் வேலையையும் யோசித்தவள், கூடவே மிஷினையும் யோசித்தாள். அதுதான் எங்கள் யாருக்கும் வராத புத்தி.

திங்கட்கிழமை காலை பிரிவுபசாரப் பூஜைக்குச் சாமி வந்தார். கூட்டம் நெரிந்தது. சாமி உருளைக்குள் தலையை விட்டு, "அஞ்சலாட்சி... வா, போலாம்..." என்று குரல் கொடுத்தார்.

அஞ்சலாட்சி முன்னால் வந்து நின்றாள். "சாமி, அவரு எப்பச் செத்தாருன்னு கேளுங்க."

"எட்டு வருஷம் ஆச்சுங்கிறான்."

"அப்படீங்களா. நான் எட்டு வருஷமா ஒரு பொய் சொல்லிட்டிருந்தேன், அம்மா," என்று செல்வாம்பாள் பக்கம் திரும்பினாள். "அவரு சாவல. என்ன வுட்டுட்டுப் போயிட்டாரு. காரைக்கால்ல இன்னொருத்தியோட இருக்காரு. வெக்கமா இருந்திச்சு, கடல் மேல பழியப் போட்டேன்."

கூடையோடு வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மீன்காரி பூவாயி கூடையைக் கீழே வைத்தாள்.

"அவ சொல்றது நெசந்தாங்க. போன மாசம் நான் காரைக்காலுக்குப் போனப்போ அவன்கிட்டதான் வாள மீனு வாங்குனேன். அழுகுன மீன என் தலையில கட்டிட்டான், படுபாவி. செத்தவன் செய்ற வேலையா அது?"

சாமி உருளையிலிருந்து தலையை எடுத்தார். பஸ்ஸில் எத்தனையோ தகராறு பார்த்தவர், அசரவில்லை. "அப்படின்னா அவன் நேத்துதான் செத்திருக்கணும்."

"நேத்து செத்தவரு மூணு வாரமா எப்படி உள்ள இருந்தாரு?" என்றாள் அஞ்சலாட்சி.

காசிலிங்கம்தான் முதலில் சிரித்தார். கோர்ட்டில் குறுக்கு விசாரணை கேட்டுப் பழகியவர், இவ்வளவு சுருக்கமான ஒன்றைக் கேட்டதில்லையாம்.

"வேற பேயா இருக்கும்," என்றார் சாமி. "துணி காயல இல்ல? அதுக்கு என்ன சொல்ற நீ?"

"சொல்றேன். நான் கருவாடு போட்டு வளந்தவ. கருவாட்டுக்கு வெயிலு மட்டும் பத்தாது, காத்து ஓடணும். காத்து இல்லாத எடத்துல வெயில்ல போட்டா வெந்து நாறும். இதுலயும் துணி சூடாத்தான் வருது, இட்டிலித் துணியாட்டம். அப்ப அடுப்பு நல்லாத்தான் எரியுது. காத்துதான் போவல. பேயின்னா ஒரே நாள்ல வரும். இது ஆறு மாசமா கொஞ்சங் கொஞ்சமா வந்திச்சு."

சாமியின் தட்டிலிருந்து எரிகிற ஊதுபத்தி ஒன்றை உருவிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். நாங்களும் பின்னால் ஓடினோம். மிஷினை ஓடவிட்டு, தகரக் குழாயின் வாயில் ஊதுபத்தியைப் பிடித்தாள். புகை நேராக மேலே போயிற்று. குழாயிலிருந்து ஓர் ஊதல்கூட இல்லை.

உள்ளே வந்து பிளக்கைப் பிடுங்கினாள். வட்டக் கதவின் கீழ்விளிம்பில் இருந்த வலைத் தட்டை ஆட்டி ஆட்டி உருவினாள். மூன்று வருஷமாக யாரும் அதை வெளியே எடுத்ததில்லை. வலை கண்ணுக்கே தெரியவில்லை. கம்பளிபோலச் சாம்பல் நிறத்தில் பஞ்சு அப்பியிருந்தது. சூட்டில் ஓரம் கருகியிருந்தது. சுடுகாட்டு வாடை அங்கிருந்துதான். பிறகு குழாயைக் கழற்றி ஒட்டடைக் கம்பை விட்டுக் குத்தினாள். பொத்தென்று ஒன்று தோட்டத்தில் விழுந்தது. பூனை என்று நினைத்துக் காசிலிங்கம் நகர்ந்துகொண்டார். அதுவும் பஞ்சு.

மிஷினின் ஒரு கால் உடைந்த தரைக்கல்லில் நின்று ஆடுவதையும் அவளே காட்டினாள். ஓட்டுச் சில்லு ஒன்றை அதன் கீழே செருகினாள். உதைத்துக்கொண்டிருந்த பேய் அந்த ஓட்டுச் சில்லோடு சமாதானமாகிவிட்டது.

பிளக்கைச் செருகி, ஈரத்துணி ஐந்தை எண்ணிப் போட்டாள். தோட்டத்தில் ஊதுபத்திப் புகை குழாய்க் காற்றில் படுக்கையாகப் பறந்தது. முக்கால் மணி நேரம் ஒருவரும் நகரவில்லை, பாவாடைச் சாமியைத் தவிர. அவர் நகர்ந்தபோது பூவாயி கூடையை வாசற்படியில் வைத்து அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

துணி மொறமொறவென்று காய்ந்து வந்தது. ராஜாங்கம் அலமாரியைத் துழாவி, சைகோனிலிருந்து மிஷினோடு வந்த பிரெஞ்சுப் புத்தகத்தை எடுத்தார். இரண்டாம் பக்கத்தைப் படித்தார். காது சிவந்தது.

"என்ன போட்டிருக்குங்க?" என்று கேட்டார் செல்வாம்பாள்.

"ஒவ்வொரு தடவையும் வலையச் சுத்தம் பண்ணணும்னு போட்டிருக்கு."

பிரெஞ்சு தெரிந்தவர் மூன்று வருஷம் திறக்காத புத்தகம் அது. எழுத்தே தெரியாதவள் அதைக் கருவாட்டிலிருந்து படித்துவிட்டாள்.

அடுத்த கேள்வியைச் செல்வாம்பாள் சாமியிடம் கேட்டார். "என் பட்டுப்புடவ ஏழும் எங்க?"

"கடல்ல விட்டாச்சு தாயே."

சாமியையும் ஒரு போலீஸ்காரரையும் கூட்டிக்கொண்டு ரெட்டியார்பாளையத்துக்குப் பத்துப் பேர் போனோம். அன்று மழை விட்டு வெயில் அடித்தது. சாமியின் வீட்டுக் கொல்லையில் கொடி கட்டி, கடலில் விட்ட பட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. சாமியின் மைத்துனி ஒன்றை உடுத்திக்கொண்டு காய்ந்தவற்றை மடித்துக்கொண்டிருந்தாள். கடல் அவ்வளவு தூரம் வந்து திருப்பிக் கொடுத்திருக்கிறது. சாமி அதை அற்புதம் என்று சொல்லிப் பார்த்தார். போலீஸ்காரருக்கு அற்புதங்களில் நம்பிக்கை இல்லை.

அஞ்சலாட்சி போகவில்லை. இருக்கச் சொல்லி ராஜாங்கம் கேட்டபோது, யோசித்துத்தான் சரி என்றாள். செல்வாம்பாள் அவளுக்குக் குங்குமச் சிமிழை நீட்டினார். "அந்த ஆளுக்காக வைக்கிறதா இருந்தா வாணாம்மா," என்று சொல்லிவிட்டு, சிமிழை வாங்கி, "எனக்காக வச்சிக்கிறேன்," என்று வைத்துக்கொண்டாள். புருஷன் விட்டுப்போன கதையை ஊர் நாலு நாள் பேசியது. அவள் அந்த நாலு நாளும் தலை நிமிர்ந்தே கடைக்குப் போய்வந்தாள்.

எல்லாரும் திருந்திவிட்டோம் என்று நினைத்தால் உங்களுக்கு எங்கள் ஊரைத் தெரியவில்லை. ஐந்தாம் நாள் காலையில் இரண்டு பெண்கள் பித்தளைத் தட்டோடு வந்தார்கள். பின்னால் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு காசிலிங்கம்.

"என்ன வேணும்?" என்றாள் அஞ்சலாட்சி.

"கொழந்தைக்குத் தாயத்துக் கட்டணும். அந்தப் பேய் இருந்த பஞ்சுல ஒரு கிள்ளு கெடைக்குமா?"

அஞ்சலாட்சி மூவரையும் பார்த்தாள். கதவைச் சாத்துவதற்கு முன்னால் சொன்னாள்:

"மிஷின்ல அடைச்ச பஞ்ச நான் எடுத்துட்டேன். மண்டையில அடைச்சத அவங்கவங்கதான் எடுத்துக்கணும்."