பாலாடையும் ஒரு பொட்டலம் உப்பும்

கோலா சாவா,
13-3-1952

லுக்குட் மளிகைக் கடை இராஜமாணிக்கம் அவர்கள் சமூகத்துக்கு, மண்டோர் மாயாண்டி வெட்கத்தோடு வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு என் மூக்கைத் தவிர எல்லோரும் நலம். 'சம்பந்தி' என்று எழுதத்தான் கை போனது. அந்த உறவைத் தாங்கள் இன்னும் வைத்திருக்கிறீர்களோ என்னவோ என்று விட்டுவிட்டேன்.

காட்டுக்குள் எனக்கு இன்னொரு குடும்பமும் கைக்குழந்தையும் இருப்பதாகவும், அவர்களுக்கு நான் சாமான் கடத்துவதாகவும் தங்கள் காதுக்கு வந்ததாம். சத்தியமாக இல்லை. எனக்கு இருப்பது மூக்கு மட்டும்தான்.

போன மாதம் சிரம்பானில் டாக்டர் என் மூக்குக்குள் ஆபரேஷன் செய்து, கன்னத்துக்குள் பல வருஷம் அடைத்துக் கிடந்த சீழை எடுத்தார். அதோடு விட்டாரா? காலையும் பகலும் உப்புத் தண்ணீரை ஒரு மூக்கில் ஊற்றி மறு மூக்கில் விட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி அடைத்துக்கொள்ளும் என்றார். ஊற்றுவதற்கு வாகாக வீட்டில் இருந்தது, மகள் வள்ளிநாயகிக்குக் குழந்தையில் பால் புகட்டிய பாலாடை ஒன்றுதான். ஐம்பது தொழிலாளிகளை அதட்டி வேலை வாங்குகிற மண்டோர் பாலாடையும் கையுமாக நின்றால் யார் மதிப்பார்கள்? அதனால் அதையும் ஒரு பொட்டலம் உப்பையும் மடியில் ஒளித்துக்கொண்டு ரப்பர் பால்மரக் காட்டுக்கு வேலைக்குக் கிளம்பினேன். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும், அரிசி, உப்பு எதுவும் முள்வேலியைத் தாண்டக்கூடாது என்று தினமும் மற்றவர்களிடம் சத்தம் போடுபவனே நான்தான்.

திங்கட்கிழமை காலை, கேட்டில் போலீஸ்காரர் சைபுதீன் மடியைத் தடவினார். உப்பு வந்தது. பின்னாலேயே பாலாடையும் வந்தது.

"என்னா மண்டோரே, காட்டுல யாரு புள்ள பெத்திருக்கா?"

"மூக்குக்குங்க" என்றேன்.

"மூக்குக்கா? அப்ப இங்கயே ஊத்திக் காட்டுங்க லா!"

ஆண்கள் வரிசையும் பெண்கள் வரிசையும் பார்த்துக்கொண்டிருக்க, வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்து, தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்து ஊற்றினேன். பதற்றத்தில் உப்பு கூடிப்போச்சு. மறு மூக்கில் வரணுமே, வந்தது, கூடவே கண்ணீரும் பெரிய தும்மலும், எல்லாம் சைபுதீன் சட்டை மேலே. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருத்தி என் மகள். அவள் தலைத்துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அதற்கு என்னைப் பிடித்தே கொண்டுபோயிருக்கலாம் ஐயா.

என் மூக்குக்காக என் பிள்ளையைத் தள்ளிவிடாதீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை தங்கள் வீட்டில் நடக்கும் நிச்சயத்தில் பாலாடை என்ற பேச்சே இருக்காது. மூக்கு முழுக்கக் குணமாகிவிட்டது. மாப்பிள்ளை தங்கராஜுவுக்கு என் ஆசிகள். முருகன் துணை.

தங்கள் சம்பந்தியாக ஏங்கும்,
மாயாண்டி

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை ஒரு செம்பு வெந்நீரும், யாரும் பார்க்காத ஒரு மூலையும் வேண்டும். பாலாடை நான் கொண்டுவருகிறேன். உப்பு மட்டும் தங்கள் கடையிலிருந்து தர வேண்டும். இங்கிருந்து எடுத்தால் சைபுதீன் மறுபடி ஊற்றிக் காட்டச் சொல்வார். அன்றைக்கு வள்ளிநாயகி புதுச்சேலை கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நிற்பாள்.