மஞ்சள் விழுந்தால் மிதிக்கிறவன்

பாக்கோலோட்,
பிப்ரவரி 20.

கனடாக் குளிரில் பேத்தியைச் சீராட்டிக்கொண்டிருக்கும் என் அருமை மனைவி பெர்லிட்டாவுக்கு, கணவன் கிரெசென்சியோ எழுதிக்கொள்வது. சாந்தோ நினோவின் கருணையால் இங்கே நானும் ஆறு கோழிகளும் சௌக்கியம். அங்கே நீ, மகள் அனலின், மருமகன், குழந்தை எல்லோரும் சௌக்கியமாக இருக்க அந்தப் பிள்ளைச் சாமியையே வேண்டுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை அனலின்தான் பிடிக்கிறாள். எனக்குக் குழந்தையின் கால் கட்டைவிரல் தெரிகிறது, அப்புறம் வீட்டுக் கூரை தெரிகிறது, நீ தெரிவதே இல்லை. போன வாரம் மட்டும் எங்கிருந்தோ உன் குரல் கேட்டது: "ஏய் சென்சோ, இவ இன்னும் ஆறு மாசம் இருக்கச் சொல்றா. உன் நெஞ்சு நல்லா இருக்கா இல்லையா, உண்மையச் சொல்லு, அத வச்சுத்தான் டிக்கெட்டத் தள்ளிப்போடணும்." அதற்குள் குழந்தை அழுது போன் அணைந்துவிட்டது. அதற்குப் பதில்தான் இது. சுருக்கமான பதில்: நான் நன்றாக இருக்கிறேன், நீ தாராளமாக இரு.

ஆனால் பக்கத்து வீட்டு பெர்ட்டோ எப்படியும் உளறிவிடுவான் என்பதால், நடந்த ஒரு சின்ன விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். நீ கிளம்பும் முன் சுகாதார நிலையத்து நர்ஸ் மாரிவிக் என் மூச்சுக் கோளாறுக்கென்று ஓர் அட்டை கொடுத்தாளே, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை போட்டு, நீகூட குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாயே, அந்த அட்டையில் பொடி எழுத்தில் என்னென்னவோ இருந்தது. மூக்குக்கண்ணாடியை நீ எங்கே வைத்தாய் என்று தெரியாததால் நான் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டேன். அதுவே போதும் என்று நினைத்தேன். முப்பத்தெட்டு வருஷம் சிக்னலைப் பார்த்து ஜீப்னி பஸ் ஓட்டியவனுக்கு மூன்று நிறத்துக்கு விளக்கவுரை வேண்டுமா? சரி, நம் பேட்டைத் திருவிழா வந்தது. கரும்புத் தோட்டங்களில் காய்ந்த சோகை கொளுத்துகிற மாதம், மூன்று நாளாகக் காற்றெல்லாம் கரித்தூள், எனக்கோ ஏற்கெனவே ஜலதோஷம். அன்று காலை இருமினால் சளி வழக்கத்தைவிட அதிகம், நிறமும் மாறியிருந்தது; குழாயடியிலிருந்து வீட்டுக்கு வர மூன்று இடத்தில் நின்றேன். ஆகா, மஞ்சள் விழுந்துவிட்டது என்று புரிந்தது. மஞ்சள் விழுந்தால் நம் ஊரில் எவன் நிற்பான்? சிவப்பு விழுவதற்குள் போய்விட வேண்டியதுதானே! அதனால் ஒரே மிதி மிதித்தேன். கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்தேன், இரண்டு குடம் தண்ணீர் சுமந்தேன், அரிசி மூட்டையை இழுத்து உள்ளே போட்டேன், கோழிக்கூண்டைக் கழுவினேன், மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு திருவிழாவுக்கே போய்விட்டேன்.

அங்கே பெர்ட்டோ கரி அடுப்பில் கோழி வாட்டிக்கொண்டிருந்தான். புகை முழுக்க என் பக்கம். "அண்ணே, நீயும் அண்ணியும் வருஷா வருஷம் பாடுவீங்களே, அந்த ஜோடிப் பாட்டு எங்க?" என்று மைக்கைக் கையில் திணித்தான். "உங்க அண்ணி கனடாவுல இருக்காடா" என்றேன். "அப்ப ரெண்டு பேர் பாட்டையும் நீயே பாடு!" என்று எல்லோரும் கை தட்டினார்கள். பாடினேன். என் பங்கு ஒருவாறு போயிற்று. உன் பங்கு வந்ததும் முதல் அடியிலேயே மூச்சு நின்றது. பெர்லிட்டா, அந்த அடியை நீ எப்படித்தான் அவ்வளவு நீளமாக இழுப்பாயோ! பாடுகிறவர்களுக்கு மார்க் போடும் கரோக்கிப் பெட்டி எனக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று போட்டது. நாம் சேர்ந்து பாடினால் தொண்ணூறுக்குக் கீழே வந்ததில்லை. பெட்டியைத் திட்டலாம் என்றால் வாயில் இரண்டு சொல் சேர்ந்து வரவில்லை. உதடு நீலமாகிவிட்டது என்று யாரோ கத்த, பெர்ட்டோ என்னைத் தன் மோட்டார் டிரைசிக்கிளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். கையிலிருந்த கோழிக் குச்சியை அவன் கடைசிவரை விடவே இல்லை.

நான்கு நாள் ஆக்சிஜன். ஐந்தாம் நாள் மாரிவிக் வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"ஐயா, மஞ்சள் வந்தா என்ன பண்ணணும்?"

"மிதிக்கணும்மா."

"எத?"

"ஆக்சிலேட்டர."

அந்தப் பெண் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ! மஞ்சள்னா எல்லா வேலையையும் அப்படியே போட்டுட்டு உக்காரணும். உதட்டைக் குவிச்சு மெதுவா மூச்ச விடணும். மூச்சு மருந்து பம்பை, அதோட குடுத்த குழாயில மாட்டி, டாக்டர் எழுதின அளவுக்கு இழுக்கணும். முன்கூட்டியே கொடுத்து வச்ச மாத்திரையத் தொடங்கணும். அன்னைக்கே எனக்கு போன் பண்ணணும். பேச்சு வரலன்னா, உதடு நீலமானா, அது சிவப்பு, யோசிக்காம ஆஸ்பத்திரி. அந்த மாத்திரை எங்க?"

மாத்திரை சாந்தோ நினோவின் காலடியில், உறை பிரிக்காமல், பூவோடு பத்திரமாக இருந்தது. நீதானே மந்திரிக்க வைத்தாய், எடுக்கச் சொல்லவில்லையே! இதை அவளிடம் சொன்னபோது, பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துச் சிரித்து இருமலை வரவழைத்துக்கொண்டு, அவருக்கும் ஒரு நர்ஸ் ஓடி வர வேண்டியதாகிவிட்டது.

அவ்வளவுதான் விஷயம். வீடு திரும்பிப் பதினெட்டு நாள் ஆகிறது. இப்போது காலையில் எழுந்ததும் சளியின் நிறம் பார்க்கிறேன், குழாயடிக்கு நிற்காமல் போய் வருகிறேன், சோகை கொளுத்தினால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறேன். பெர்ட்டோவின் மனைவி மத்தியானம் சோறு தருகிறாள். உப்பு கொஞ்சம் குறைவு, ஆனால் குறை சொல்லவில்லை. மாலையில் மட்டும் வீடு ரொம்பப் பெரிதாகிவிடுகிறது. ஒரு தட்டு கழுவ எவ்வளவு நேரம் ஆகும், சொல்லு. கழுவிவிட்டு உன் செருப்பைத் துடைத்து மறுபடி வாசலில் வைக்கிறேன். அது கிடக்கட்டும். அனலினுக்கு நீ வேண்டும், குழந்தைக்கு நீ வேண்டும். ஆறு மாதம் என்ன, குழந்தை பள்ளிக்கூடம் போகும்வரை இருந்துவிட்டு வா. என்னைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

குழந்தைக்கு என் முத்தம். அனலினுக்கும் மருமகனுக்கும் என் ஆசி. கன்னி மாதா உங்கள் நால்வரையும் காப்பாளாக.

என்றும் உன்,
கிரெசென்சியோ

பின்குறிப்பு: எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். உடம்பைப் பற்றிச் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. மூச்சு நன்றாகத்தான் இருக்கிறது. மாரிவிக் நேற்றுக் காதில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "தெளிவா இருக்கு ஐயா" என்று சொல்லிவிட்டாள். அதைக் கேட்டு எனக்கு வருத்தமாகிவிட்டது. உடம்பு சரியில்லை, வா என்று எழுதுவது சுலபம். அந்தச் சாக்கும் இப்போது இல்லை. அதனால் ஒரு சாக்கும் இல்லாமல் கேட்கிறேன். டிக்கெட்டைத் தள்ளிப்போடாதே, பெர்லிட்டா. நான் நன்றாக இருக்கிறேன். நீ வந்துவிடு.