அம்மிக்குப் பாலிஷ் போட்ட பாவம்

பூவெப்லா நகரில் வசிக்கும் மதிப்பிற்குரிய என் மூத்த சகோதரி தொமித்திலா அவர்களுக்கு, ஓஹாக்காவிலிருந்து தம்பி நிக்கானோர் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம். இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அது என்னோடு சேர்ந்து எதையும் செய்வதாக இல்லை. அங்கே உன் சுகத்தையும் அத்தானின் ரத்தக் கொதிப்பையும் ஹுகிலா மாதா கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வாளாக.

பன்னிரண்டு வருஷம் கழித்துத் தம்பியிடமிருந்து கடிதம் வந்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பாய். யாரும் சாகவில்லை அக்கா. ஆனால் எதெல்வினா செத்துவிட்டாள் என்று ஊர் அரை நாள் நம்பியது. அதற்குக் காரணம் அவள் புருஷனாகிய நான்தான். போன் செய்யலாமே என்பாய். போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய். கடிதத்தை எங்கே வைத்தாலும் அது அங்கேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அது மட்டுமில்லை, எங்கள் வீட்டுப் போன் அடுப்படியில் இருக்கிறது. அடுப்படிக்குள் நான் நுழையக் கூடாது.

ஏன் நுழையக் கூடாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பத்துநாலு வருஷம் பஸ் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீடு. அக்டோபரில் ரிட்டையர் ஆனபோதுதான் தெரிந்தது, வீட்டில் எது எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது, வீட்டுக்கும் என்னை அவ்வளவாகத் தெரியாது. சும்மா இருக்க முடியவில்லை. கரண்டிகளை நீளவாக்கில் வரிசைப்படுத்தி ஆணி அடித்து மாட்டினேன். அவள் அத்தனையையும் கழற்றிப் பழைய பானையில் போட்டாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்று வாளியில் கரைத்தேன், கலக்க ஒன்றும் கிடைக்கவில்லை, அடுப்படியில் ஒரு மரக்கட்டை தொங்கியது, வளையம் வளையமாகச் செதுக்கி அழகாக இருந்தது, இரண்டு கைக்கும் நடுவில் வைத்து உருட்டினால் சுண்ணாம்பு நன்றாக நுரைத்தது. அது சாக்லேட் கடையும் மத்து. எதெல்வினா வந்து பார்த்தாள். "என்ன பண்றீங்க?" என்றாள். "உனக்கு உதவி" என்றேன். அன்றைக்கே அடுப்படிக்குள் எனக்குத் தடை போட்டுவிட்டாள். அதோடு நான் திருந்தியிருக்கலாம்.

போன மாதம் அம்மாவின் கல்லறைக் கல்லில் விரிசல் விட்டிருந்தது. கல்லறைக் கல் செய்கிற எலேயாசரிடம் கொண்டுபோனேன். அவனிடம் புதிதாக ஒரு மெஷின் இருக்கிறது அக்கா, கரண்டில் ஓடுகிறது, எப்பேர்ப்பட்ட கரடுமுரடான கல்லையும் நாலு தடவை இழுத்தால் கன்னம் மாதிரி ஆக்கிவிடுகிறது. பார்த்ததும் மனசுக்குள் ஒன்று தோன்றியது. எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷம் முடிகிறது. எந்த வருஷமும் அவளுக்கு நான் ஒன்றும் கொடுத்ததில்லை, கல்யாண நாளன்று நான் எப்போதும் ஏதாவது ஒரு மலைப்பாதையில் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பேன். வீட்டிலேயே அவள் அதிகம் தொடுகிற பொருள் அவளுடைய மூன்று கால் அம்மி. அது பாவம், பார்க்கவே அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருக்கும். அதை வழவழப்பாக்கிக் கொடுத்தால் குழவி வழுக்கிக்கொண்டு போகுமே, அவள் கைக்கு வலி குறையுமே என்று நினைத்தேன்.

சிரிக்காதே. பஸ் டயர் வழவழப்பாகிவிட்டால் ரோட்டில் நிற்காது என்று முப்பத்துநாலு வருஷம் மற்ற டிரைவர்களுக்குப் புத்தி சொன்னவன் நான். அம்மிக்கும் அதே கதைதான் என்று ஏன் தோன்றவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

எதெல்வினா நாலு நாள் மித்லாவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த சமயம், கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்றி எலேயாசரிடம் கொண்டுபோனேன். அவன் தேய்த்தான், மெழுகு பூசினான், மறுபடி தேய்த்தான். குனிந்து பார்த்தால் என் மூக்கு தெரிந்தது. "பக்கவாட்டுல பேர் வெட்டட்டுமா? அதுக்கும் சேர்த்துதான் கூலி" என்றான். சரி என்றேன். அவனுக்குத் தெரிந்தது ஒரே மாதிரி எழுத்துதான், ஒரே மாதிரி அலங்காரம்தான். 'எதெல்வினா' என்று வெட்டி, அதன் கீழே 'நாற்பத்தொரு ஆண்டுகள்' என்று வெட்டி, மேலே ஒரு சிலுவையும் இரண்டு பக்கமும் அல்லிப்பூவும் வைத்துவிட்டான். எனக்குக் கண் கலங்கியது. அவ்வளவு அழகாக இருந்தது அக்கா.

எல்லாக் கல்லையும் கொண்டுபோய் இறக்குகிற பழக்கத்தில் இதையும் கறுப்புத் துணி போர்த்திக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினான். எதிர்வீட்டுக் கசில்தாவை உனக்குத் தெரியும், தெருவில் ஒரு கோழி முட்டையிட்டால்கூட நேரில் வந்து பார்க்கிறவள். துணியை ஓரமாகத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். நான் அப்போது சந்தைப் பக்கம் போயிருந்தேன். நான் திரும்புவதற்குள் வாசலில் ஒன்பது மெழுகுவர்த்தி, துக்க வீட்டுக்குக் கொடுக்கிற ஒரு மூட்டை அவரை விதை, சர்க்கரை, சாக்லேட், வெள்ளைப்பூ. பெண்கள் எல்லோரும் தலையில் முக்காடு போட்டு நிற்கிறார்கள். கசில்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நல்ல மனுஷி நிக்கானோர்! எனக்கும் அவளுக்கும் ஆயிரம் இருக்கும், ஆனா மோலேக் குழம்புக்கு அரைக்கிறதுல அவ கைப்பக்குவம் யாருக்கு வரும்!" என்று ஓவென்று அழுதாள். யார் செத்தது என்று எனக்குப் புரியவில்லை, ஆனாலும் எல்லோரும் அழுததால் நானும் அழுதேன்.

அந்த நேரம் பார்த்து மித்லா பஸ்ஸிலிருந்து எதெல்வினா பையோடு இறங்கி வந்தாள்.

கசில்தா முதலில் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்புறம் கோபம் வந்துவிட்டது. "ஏண்டி, நீ சாகலையா? நான் ரெண்டு கிலோ சர்க்கரை வாங்கிட்டு வந்தேனே!" என்றாள்.

"வாங்கினது வாங்கிட்ட, உள்ள வை. காபிக்கு ஆகும்" என்றாள் எதெல்வினா. பிறகு துணியை முழுசாக எடுத்தாள். கல்லைப் பார்த்தாள். உள்ளங்கையால் ஒரு தடவை தடவினாள். கை வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. என்னைப் பார்த்து, "நல்லா இருக்குங்க. அடக்கம் என்னிக்கு?" என்றாள்.

அவ்வளவுதான் அக்கா. அதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. இன்றைக்குப் பதினோரு நாள் ஆகிறது. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். திட்டவில்லை. தொர்தியா ரொட்டி சுட்டு வைக்கிறாள், துணி துவைத்து வைக்கிறாள், வாயைத் திறப்பதில்லை.

இதில் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எதெல்வினா ஞானத்தாயாக நின்ற ஞானப்பெண் யாரெலிக்கு அடுத்த வாரம் சனிக்கிழமை கல்யாணம். வியாழக்கிழமை காலையில் பெண்கள் எல்லோரும் அவரவர் அம்மியோடு பெண் வீட்டு முற்றத்தில் வரிசையாக மண்டியிட்டு உட்கார்ந்து மோலேக்கு மிளகாய் அரைப்பார்கள், இதெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் முதல் இடம் எதெல்வினாவுக்கு. இருபது வருஷமாக அது அவள் இடம். உப்புப் போதும் என்று அவள் சொன்னால்தான் உப்புப் போதும். தன் அம்மி இல்லாமல் வருகிறவளுக்கு வரிசையில் இடம் கிடையாது, பின்பக்கம் சின்னப் பெண்களோடு உட்கார்ந்து பூண்டு உரிக்க வேண்டியதுதான். அறுபத்துமூன்று வயதில், தன் ஞானப்பெண் கல்யாணத்தில், என் பெண்டாட்டி பூண்டு உரிப்பதா? முதல் இடத்துக்குக் கசில்தா இப்போதே முட்டிக்கு அடியில் போட மெத்தை தைத்துவிட்டாள்.

நான் சும்மா இருக்கவில்லை. அம்மி கொத்துகிற கிழவர் அபுந்தியோவிடம் ஓடினேன். அவர் உளியும் கையுமாகத்தான் வந்தார். சிலுவையையும் பேரையும் பார்த்ததும் உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இது கல்லறைக் கல்லுப்பா. செத்தவங்க கல்லைக் கொத்தினா கை விளங்காது."

"அவ சாகலையே, உள்ளதான் இருக்கா!"

"அதை நீ சொல்ற. கல்லு வேற சொல்லுதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு எதெல்வினா கல்லைக் கோழிக்கூட்டுப் பக்கம் நகர்த்தி, சாக்கு போட்டு மூடிவிட்டாள். அந்தச் சாக்கைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பக்கமே போவதில்லை.

ஞாயிற்றுச் சந்தைக்குப் போய்ப் புது அம்மி ஒன்று வாங்கினேன். விற்றவன் எரிமலைக் கல் என்று தாயின் மேல் சத்தியம் பண்ணினான். புதுக் கல் ஆயிற்றே, முதலில் உப்பும் அரிசியும் அரைத்து மண்ணைப் போக்க வேண்டுமே என்று நானே முற்றத்தில் மண்டியிட்டு அரைத்தேன். அரிசி சாம்பல் நிறமாக வந்தது. மறுபடி அரைத்தேன். மறுபடியும் சாம்பல் நிறம். ஏழாவது தடவை தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், ஒரு கால் கரைந்து விழுந்தது. சிமென்ட் அக்கா, சுத்தமான சிமென்ட்! மண்டியிட்டதில் என் முழங்காலும் போயிற்று. எதெல்வினா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள், சால்வை நுனியை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுதாளோ என்னவோ.

இப்போது விறகு நான் பிளக்கிறேன், தண்ணீர் நான் கொண்டுவருகிறேன், முற்றத்திலேயே மூன்று கல் வைத்து இலவங்கப்பட்டை போட்டுக் காபி வைத்துத் தருகிறேன். குடிக்கிறாள். நன்றாக இருக்கிறது, இல்லை என்று எதுவும் சொல்வதில்லை.

யாரிடமாவது அம்மி இரவல் வாங்கலாமே என்பாய். ஒருத்தி கை பழகின கல் இன்னொருத்திக்கு ஒத்துவராது, தோள்பட்டை கழன்றுவிடும். எதெல்வினாவின் கைக்கு ஒத்துவரக்கூடியது உலகத்தில் இன்னும் ஒரே ஒரு கல்தான். அது உன்னிடம் இருக்கிறது. அம்மாவின் அம்மி. மருமகளாக வந்து ஒன்பது வருஷம் அவள் அதில்தான் அரைத்தாள்.

தெரியும், நீ இப்போது கடிதத்தைக் கீழே வைத்திருப்பாய். எடு அக்கா. அம்மா போன பதினைந்தாம் நாள் நீ அந்தக் கல்லைக் கொண்டுபோனபோது, அவள் வாசலில் நின்று, "கல்லைத் தூக்கிட்டுப் போறவங்களுக்கு அரைக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். நீ, "எங்கம்மா கல்லு, நான் தலையணையா வச்சுப் படுத்துக்குவேன், உனக்கென்ன?" என்றாய். அதிலிருந்து பேச்சு இல்லை. உங்கள் இரண்டு பேரையும் நான் குறை சொல்லவில்லை. அந்தக் கல்லை என் பஸ்ஸில் ஏற்றியது நான். அவளைக் கேட்காமல் ஏற்றினேன். அவளைக் கேட்கவில்லை என்று உன்னிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்லைப் பற்றி யாரையும் கேட்காமல் செய்வது எனக்கு இது இரண்டாவது தடவை. அவள் பேசாமல் இருக்கும் வீட்டில் எனக்கு இருக்க முடியவில்லை அக்கா. பஸ்ஸில் தனியாகப் போகும்போதுகூட எனக்கு இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

இந்தக் கடிதத்தை என் பழைய கூட்டாளி பிரிமித்திவோ நேரில் கொண்டுவந்து தருவான், அவன் உங்கள் ஊர் வண்டிதான் ஓட்டுகிறான். செவ்வாய்க்கிழமை அவனிடமே கல்லைக் கொடுத்தனுப்பு. கல்யாணம் முடிந்த மறுநாள் திருப்பி அனுப்பிவிடுகிறேன். பாலிஷ் போட மாட்டேன். நான் எழுதியது எதெல்வினாவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உன் வீட்டு அடுப்பு அணையாமலும், வான்கோழிகளுக்கு நோய் வராமலும், உன் முழங்கால் என் முழங்காலைப் போல் ஆகாமலும் மாதா காப்பாளாக.

உன் பாசமுள்ள, புத்தியில்லாத தம்பி,
நிக்கானோர்

பின்குறிப்பு: குழவியையும் மறக்காமல் அனுப்பு. அதைத் தனியாகத் துணியில் சுற்று, பிரிமித்திவோ வளைவுகளில் வேகத்தைக் குறைப்பதில்லை.

இன்னொரு பின்குறிப்பு:

அண்ணி, இது எதெல்வினா எழுதுறது. அவர் கவர் வாங்கக் கடைக்குப் போயிருக்கார். வீட்டுல இருந்த கவரையெல்லாம் நான்தான் ஒளிச்சு வச்சேன், என்ன எழுதுறார்னு படிக்கணுமே. மடிச்சு வச்சுட்டா அப்படியே கவர்ல போட்டு ஒட்டிடுவார், பிரிச்சுப் பார்க்க மாட்டார். கல்லை அனுப்ப வேணாம். அவர் சந்தைக்குப் போன ஞாயித்துக்கிழமையே நான் அபுந்தியோகிட்ட நேர்ல போய், "செத்தவளே வந்து கேக்குறேன், கொத்துவீங்களா?"ன்னு கேட்டேன். பாவம், வந்து கொத்திக் கொடுத்துட்டார். மெழுகெல்லாம் போச்சு, மூணு தடவை அரைச்சும் பார்த்தேன், முன்னைவிட நல்லா அரைக்குது. சாக்குக்கு அடியில ஜோரா இருக்கு. பேரை மட்டும் அழிக்க வேணாம்னு சொல்லிட்டேன். இந்த மனுஷன் என் பேரை எங்கயாவது எழுதுறது இதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை வரைக்கும் பேசப் போறதில்ல. விறகும் தண்ணியும் அது பாட்டுக்கு வருது. காபி நல்லா இல்ல, ஆனாலும் நாற்பத்தொரு வருஷத்துக்கப்புறம் வந்த காபி, குடிக்கிறேன். சிமென்ட் அம்மி அன்னிக்கு நான் அழல, சிரிப்பை அடக்க முடியாமதான் உள்ள ஓடினேன்.

அண்ணி, அன்னிக்கு வாசல்ல நான் கேட்டது தப்பு. உங்களுக்கு அரைக்கத் தெரியும். எனக்கு மோலே அரைக்கச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான், அத்தை இல்ல. கல்லு மட்டும் வந்தா எனக்கு வேணாம். செவ்வாய்க்கிழமை வண்டில கல்லோட நீங்களும் வாங்க. அடுப்புக்குப் பக்கத்துல ரெண்டு கல்லு போட இடம் இருக்கு, கசில்தாவைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லிக்கலாம்.

பூண்டைப் பத்திக் கவலைப்படாதீங்க. அது உரிக்க ஆள் இருக்கார்.