கரி காரும் சகலையின் கேஜும்

அக்கம்பக்கத்தில் பங்களாவே எழும்பினாலும் எனக்குப் பொறாமை வராது. சகலை வீட்டில் புதிதாக ஒரு சொம்பு வந்தால் போதும், அன்றைக்குச் சோறு இறங்காது. என் உடம்புவாகு அப்படி.

யுத்தத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும், மோகனூரில் நானும் சேலத்தில் சகலையும் எங்கள் கார்களின் பின்னால் கரி அடுப்பு மாட்டிக்கொண்டோம். கரிப் புகையைத் தேங்காய் நார் அடைத்த வடிகட்டி வழியாக எஞ்சின் உறிஞ்சிக்கொண்டு ஓடும். சகலை அத்தோடு விட்டாரா? வாயுவின் அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்றை மாட்டி, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். நானும் ஒன்று வாங்கி மாட்டினேன். அவர் முள் இரண்டில் நின்றது. என்னுடையதும் இரண்டில்தான் நின்றது. (ஒரே கடைச் சரக்கு, வேறெங்கே நிற்கும்?) எனக்கு அது போதவில்லை.

ஒரு நாள் வடிகட்டியில் தேங்காய் நாரைக் கொஞ்சம் கூடுதலாகத் திணித்தேன். முள் நாலுக்குப் போயிற்று. மனசு குளிர்ந்துவிட்டது.

மச்சினனுக்கு ராசிபுரத்தில் நிச்சயதார்த்தம். மாமனார் வீடும் மோகனூர்தான், சகலை முதல் நாளே காரோடு வந்து இறங்கிவிட்டார். மாமனார் எந்த மாப்பிள்ளையின் காரில் ஏறுகிறாரோ, அவருக்குத்தான் சபையில் மாமனார் பக்கத்து இடம். மூத்த மாப்பிள்ளை நான். ஆனால் போன விசேஷங்களில் எல்லாம் அந்த இடம் சகலைக்கே போயிருந்தது. இந்த முறை விடியும்போதே நாரைக் கெட்டியாக அடைத்துவிட்டு, மாமனாரைக் கையோடு கூட்டிவந்து கேஜைக் காட்டினேன்.

“அவருது ரெண்டு, நம்முளுது நாலுங்க மாமா.”

“நாலுன்னா நல்லதுதானுங்க மாப்ள” என்று ஏறிக்கொண்டார். வெற்றிலைத் தட்டோடு என் மனைவியும் ஏறினாள். சகலையின் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். (அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்னொரு முறைகூட மானம் கெடலாம்.)

நாமக்கல் தாண்டியதும் முள் ஐந்தைத் தொட்டது. “பாருங்க மாமா!” என்றேன். அப்புறம் ஆறு. கார் என்னவோ மெதுவாகத்தான் போயிற்று. ஒரு மாட்டுவண்டி எங்களை ஒதுங்கச் சொல்லி முந்திப் போனது. ஏழுக்கு வந்ததும் எஞ்சின் நின்றது, முள்ளும் பொத்தென்று சைபருக்கு விழுந்தது. கேஜைத் தட்டினேன், குழாயை ஊதினேன், அடுப்பைக் கிளறினேன். முகமெல்லாம் கரி. கடைசியில், நார் போதவில்லை என்று முடிவுசெய்து இன்னொரு பிடி திணித்தேன்.

பின்னால் வந்த சகலை இறங்கி, வடிகட்டியைத் திறந்து நாரை உருவினார். உருவ உருவ வந்துகொண்டே இருந்தது.

“ஏனுங்க சகலை, எஞ்சின் மூச்சிழுக்க எத்தனை பாடுபடுதுன்னு காட்டற முள்ளுங்க இது. ஏறுச்சுன்னா எங்கியோ அடைச்சுக்கிச்சுன்னு அர்த்தமுங்க.”

திட்டியிருந்தால் தேவலை. அன்பாகச் சொன்னார், அதுதான் பொறுக்கவில்லை.

“நேரமாச்சுங்க மாப்ள” என்று மாமனார் சகலை காருக்கு மாறினார். வெற்றிலைத் தட்டும் மாறியது. தட்டைப் பிடிக்க ஆள் வேண்டுமாம், என் மனைவியும் மாறினாள்.

அடுப்பை மறுபடி மூட்டி நான் போய்ச் சேர்ந்தபோது வெற்றிலை மாற்றி, பந்தியும் முடிந்திருந்தது. மாமனார் பக்கத்தில் சகலை ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். கரி முகத்தைக் கழுவலாமென்று புழக்கடைக்குப் போனேன். அங்கே நின்ற கல்யாணப்பெண் இரக்கப்பட்டுத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

“கழுவிட்டு இங்கயே உக்காருங்க டிரைவரண்ணா, எலை போடச் சொல்றேன். உங்க மொதலாளி அப்பவே சாப்பிட்டாச்சுங்க.”

முதலாளி என்று அவள் கைகாட்டிய ஆள், சகலை!

அவள் மச்சினன் பெண்டாட்டியாகி, மூன்று பிள்ளைகளும் பெற்றுவிட்டாள். இன்றைக்கும் நான் வாசலில் கால் வைத்தால், “டிரைவரண்ணா வந்திருக்காருங்க” என்று உள்ளே குரல் கொடுப்பாள். பிள்ளைகளுக்கு நான் டிரைவர் மாமா. சகலை, பெரிய மாமா. அவர் என்னைவிட நாலு வயது சின்னவர்.