பங்காளி என்று போடாதீர்கள்

ரஷ்யாவுக்காக ரஷ்யாக்காரர்களைவிட அதிகம் கவலைப்பட்ட மனிதர் மதுரையில்தான் இருந்தார். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு மாத வாடகை லாட்ஜில், என் எதிர்க்கட்டிலில். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பில் போடுகிற வேலை. கல்யாணம் கட்டாதவர். பெற்றவர்கள் வைத்த பேர் ஏதோ இருந்தது. லாட்ஜுக்கு அவர் மாஸ்கோ. வடக்கே அவர் போன அதிகபட்ச தூரம் திண்டுக்கல்.

நான் குடியேறிய புதிதில் என் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கினேன். மறுநாளே அவர் பெட்டியில் அதைவிடப் பெரிய பூட்டு தொங்கியது. நான் விடுவேனா? நம்பர் பூட்டு வாங்கினேன். அவர் சங்கிலி வாங்கினார். ஒரு சட்டை எடுப்பதற்குள் இருவருக்கும் வேர்த்துவிடும்.

"மாப்ள, நீயும் திருடன் இல்ல, நானும் திருடன் இல்ல. ஒனக்குப் பயந்து நான் பூட்ட, எனக்குப் பயந்து நீ பூட்ட, எங்க வந்து நிக்கிது பாத்தியா? வல்லரசுகள் அம்புட்டு குண்டு செஞ்சு அடுக்குறதும் இதே கததான். இதுக்குத் தியரின்னு பேரு வச்சுப் பெரிய காலேஜுல படிக்கிறாய்ங்க" என்றார்.

"அப்ப நீங்க மொதல்ல பூட்டக் கழட்டுங்கண்ணே."

"நீ மொதல்ல கழட்டு."

அதற்கும் ஒரு தியரி வைத்திருந்தார்.

ஒரு நாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தேள் கொட்டியதுபோல எழுந்தார். 'இந்தியாவின் நெடுநாள் பங்காளி ரஷ்யா' என்று தலைப்பு. உடனே பத்திரிகை ஆபீசுக்குப் போனைப் போட்டார்.

"யாருய்யா இத எழுதுனது? பங்காளின்னா என்னன்னு தெரியுமா?"

"பார்ட்னர் சார். கூட்டாளி."

"கூட்டாளின்னா கூட்டாளின்னு போடு! பங்காளிங்கிறவன் ஒரே பாட்டன் சொத்துக்கு எதிரெதிரா நிக்கிறவன். நமக்கும் ரஷ்யாவுக்கும் என்ன வரப்புத் தகராறா இருக்கு? எண்ணெய் வாங்குறோம், பீரங்கி வாங்குறோம். கொள்வினை கொடுப்பினை உள்ள எடம். சம்பந்தின்னு போடுய்யா!"

"சம்பந்தின்னு போட்டா என்னய வீட்டுக்கு அனுப்பிருவாங்க சார்."

உலகத்தில் நாடுகள் இரண்டே சாதி என்பது மாஸ்கோவின் சித்தாந்தம். "சம்பந்தி பந்தியில அப்பளம் வரலன்னு கோவிச்சுக்குவான், அதோட சரி. பங்காளி சாப்பிட வரமாட்டான். பந்தி போட்ட எடம் யாருதுன்னு அளக்க வருவான்." ரஷ்யா தூரத்து நாட்டிடம் சம்பந்தி மாதிரி சிரித்துக் கை குலுக்கும். தன்னிடமிருந்து பிரிந்துபோன பக்கத்து நாடு என்றால் மட்டும், பாகம் பிரித்த பிறகும் தம்பி வீட்டுச் சாவி தன் இடுப்பில்தான் இருக்க வேண்டும் என்கிற மூத்தவன் ஆகிவிடும். "அதுக்கு அதோட பயம் மாப்ள" என்று முடிப்பார்.

இவ்வளவு பேசுகிறவருக்குச் சொந்த வீடு சமயநல்லூரில் இருந்தது. டவுன் பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். பொங்கலுக்குக்கூடப் போகமாட்டார். லாட்ஜ் சாம்பாரை ஊற்றிக்கொண்டு, "எங்க வீட்டுப் பக்கம் தண்ணி ருசி" என்று மட்டும் சொல்வார்.

காரணம் அவருடைய தம்பி. பாகம் பிரித்து அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள். தம்பி தன் மச்சினனை மாடியில் குடிவைக்கப் போகிறான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. வெளியாள் வந்து தன் எல்லையில் உட்காருவதா என்று பயந்துபோன மாஸ்கோ, நடுவில் ஆளுயரச் சுவர் எழுப்பினார். அது தம்பி வீட்டுச் சன்னலை மொத்தமாக அடைத்துவிட்டது. மச்சினன் வரவே இல்லை. தம்பியும் அதற்கப்புறம் அண்ணனோடு பேசவில்லை. பக்கத்து வீட்டில் தம்பி குரல் கேட்டுக்கொண்டே பேசாமல் இருக்க முடியாமல்தான் மாஸ்கோ லாட்ஜுக்கு வந்தார்.

உக்ரைனுக்குள் ரஷ்யப் படை புகுந்த அன்று, லாட்ஜே டிவி முன்னால் கூடியது.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. ரஷ்யா பக்கம் எம்புட்டு நியாயம் இருக்கு?"

திரையில் இடிந்த வீட்டு வாசலில் ஒரு பெண் துணிமூட்டையோடு நின்றிருந்தாள். மாஸ்கோ டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"பயம்னு சொல்லுவாய்ங்க. நானும் அதத்தான் சொன்னேன். பயந்தவன் தன் வீட்டுக் கதவச் சாத்தணும். அடுத்தவன் சன்னல அடைக்கக் கூடாது."

சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கடப்பாரையோடு வந்து நின்றார். "சமயநல்லூருக்கு வாரியா மாப்ள?"

பஸ்ஸில் கண்டக்டர் மிரண்டார். "என்னண்ணே இது?"

"வெளியுறவுக் கொள்கை."

"யாரு காலுலயும் விழுகாம ஓரமா வைங்க."

ஊர் போய்ச் சேர்ந்ததும் யாரையும் கூப்பிடவில்லை. நேராகச் சுவரை இடிக்க ஆரம்பித்தார். சத்தம் கேட்டுத் தம்பி வெளியே வந்தார். கையில் கடப்பாரையோடு அண்ணன். கூட வேறு ஒரு ஆள். நான் ஓடுவதற்கு வழி பார்த்து வைத்துக்கொண்டேன்.

தம்பி வேட்டியை மடித்துக் கட்டினார். "அண்ணே."

"என்னடா?"

"அங்கிட்டு அடிச்சா ஒன் வீட்டு ஓடு சரிஞ்சிரும். இங்கிட்டு அடி."

மாஸ்கோ இங்கிட்டு அடித்தார். தம்பி வந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டார். "விடு. ஒனக்கு இடுப்பு ஆகாது."

சன்னல் தெரிந்ததும் உள்ளிருந்து தம்பி மனைவி காப்பி நீட்டினார். அண்ணனுக்கும் தம்பிக்கும் டம்ளரில் காப்பி மட்டும். எனக்கு மட்டும் தட்டும் பிஸ்கட்டும். மாஸ்கோ என் தட்டைப் பார்த்தார், தன் டம்ளரைப் பார்த்தார். "நீ விருந்தாளி மாப்ள" என்றார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். செங்கல் தூசி என்றார்.

அவர் அங்கேயே தங்கிவிட்டார். இப்போது எதிர்க்கட்டிலுக்கு ஆள் வரவில்லை. பேப்பரில் வெளிநாட்டுப் பக்கம் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. அறையில் பரிபூரண அமைதி. அந்த அமைதியோடு குடித்தனம் நடத்துவது இத்தனை கஷ்டம் என்று மட்டும் அந்த மனிதர் எனக்கு ஒரு நாளும் சொல்லித் தரவில்லை.