தெருவுக்கே கேட்ட ஒரு மீட்டர்

என் தாம்பத்தியத்தை வாழைச்சேனையில் ஒரு முழுத் தெருவுக்கும் கேட்கும்படி நானே கத்தி அறிவித்தவன். மறைப்பானேன்?

கொரோனாக் காலம். கலியாணமாகி இரண்டு மாதம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருப்பான்; கரடியனாறு ஊர்க்காரனான நான் அப்படித்தான் வாழைச்சேனை மருமகனானேன். கொழும்பில் என்னோடு வேலை செய்தவனுக்குத் தொற்று என்றதும், பதினாலு நாள் வீட்டுக்குள் தனித்திருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எந்த வீட்டுக்குள்? மாமியார் வீட்டுக்குள். எந்த அறையில்? எங்கள் கலியாண அறையில். (சட்டம் போட்டவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்!)

மாமாவுக்கு இழுப்பு வருத்தம். அதனால் மாமி அறை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு, அதில் சாப்பாட்டை வைத்துவிட்டு ஓடுவா. எனக்குத் தனிக் கோப்பை, தனிப் பீங்கான், நாளுக்கு நாலு தரம் கொத்தமல்லி. நானும் பெரிய யோக்கியன் மாதிரி, "மாமி, கிட்ட வராதீங்க!" என்று கதவுக்குள் இருந்து அதட்டுவேன்.

மூன்றாம் நாள் மத்தியானம், எல்லாரும் கண்ணயர்ந்த நேரம், மனைவி தர்சினி பிளேன்ரீ கொண்டுவந்தாள். ரீயை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. ஆனால் இருவரும் மாஸ்க்கைக் கழற்றவில்லை, முத்தமும் இல்லை. அப்படியென்றால் கிருமி எந்த வழியால் வரும் என்பது என் விஞ்ஞானம். அந்த மாஸ்க்கும் பாதி நேரம் நாடியில்தான் கிடந்தது.

ஆறாம் நாள் எனக்குக் காய்ச்சல். சோதித்ததில் தொற்று உறுதி. சுகாதாரப் பரிசோதகர், பிஎச்ஐ ஐயா, வந்து வாசல் படலைக்கு வெளியே நின்று சத்தம் போட்டுக் கேட்டார். அயல் முழுக்க வேலியில் நின்றது.

"தம்பி, அறைக்குள்ள ஆராவது வந்ததா?"

"இல்ல சேர்!"

"மனிசி?"

"ஒரு மீட்டர் தூரம் சேர்!"

அவர் எழுதிக்கொண்டு, "அப்ப நீங்க மட்டும் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்க. மற்ற ஆக்களுக்குப் பயமில்ல" என்றார்.

யன்னலால் பார்த்தேன். மாமா விறாந்தையில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். தர்சினி அவர் நெஞ்சுக்குத் தைலம் தடவுகிறாள். காலையிலிருந்து அவளுக்குத் தொண்டை கரகரப்பு. அவளும் என்னைப் பார்த்தாள். என்னையே நான் கேட்டேன்: வெட்கத்துக்காக மாமாவைக் கொல்லப்போறியாடா?

"சேர், நில்லுங்க! ஒரு மீட்டர் இல்ல!"

"பின்ன எவ்வளவு?"

யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"தூரமே இல்ல சேர்! ஆனா ரெண்டு பேரும் மாஸ்க் போட்டுத்தான்!"

மாமி உள்ளே ஓடிவிட்டா. தர்சினி தைலப் போத்தலோடு மாமாவை விட்டு எட்டப் போய், முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிஎச்ஐ மட்டும் சிரிக்கவேயில்லை.

"மூச்சு விட்டீங்கதானே, தம்பி?"

"விட்டம் சேர்."

"அது காணும் கிருமிக்கு."

பேப்பரில் 'நெருங்கிய தொடர்பு' என்று மட்டும் எழுதினார். அந்த நாகரிகத்துக்காகவே அவர் பிள்ளைகுட்டியோடு நூறு வயது வாழ வேணும். தர்சினிக்கும் தொற்று என்று அடுத்த நாளே தெரிந்தது. அதற்கு முன்பே பிஎச்ஐ மாமாவைப் பக்கத்து வெற்று வீட்டில் தனியாக இருத்திவிட்டார். மாமா தப்பினார். வேலியில் நின்று கேட்ட அதே சனம்தான் எங்கள் படலையில் மீனும் முருங்கையிலையும் கொண்டுவந்து கொழுவியது. சிரித்துச் சிரித்துத்தான் கொழுவினார்கள், அது வேறு கதை.

போன கிழமை எனக்கும் தர்சினிக்கும் சண்டை. ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தோம். மாமா கதிரையில் இருந்து கேட்டார்:

"என்ன தம்பி, ஒரு மீட்டரா?"

தர்சினி வெடித்துச் சிரித்தாள். மாமாவும் சிரித்தார், சிரிப்பு முட்டி இழுப்பாகிவிட்டது; அவர் மருந்து இழுக்கும் பம்பை எடுத்து ஓடிப்போய்க் கொடுத்தேன். மூச்சு மெல்ல மெல்லச் சீராக வந்தது. கடவுளே, அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க, இன்னொரு தரம் தெருவுக்கே கத்தச் சொன்னாலும் கத்துவேன்.